காக்கை நம் சுற்றம்

தமிழில் ஒருவரை இழித்துரைக்க விரும்புவோர்க்குக் காக்கை என்றும் எளிதாய்க் கிடைக்கும் உவமை. நிறம் கறுத்திருந்தால் காக்கை. குரல் கரகரத்தால் காக்கை. நாலு பேர் சேர்ந்து உரக்கப் பேசினால் காக்காய்க் கூட்டம். மேலதிகாரியின் முன் குழைந்து நிற்பவனைக் 'காக்கா பிடிக்கிறான்' என்கிறோம். வலிப்பு நோய்க்கும் 'காக்காய் வலிப்பு' என்று அதன் பெயரையே சூட்டி வைத்திருக்கிறோம். இவற்றுள் கடைசி இரண்டிலும் அப்பறவைக்குத் தொடர்பே இல்லை. 'கால் கை பிடித்தல்' திரிந்து காக்கா பிடித்தலாயிற்று. 'கால் கை வலிப்பு' திரிந்து காக்காய் வலிப்பாயிற்று என்று சொல்லாய்வோர் விளக்குவர். நம் நாக்கு செய்த பிழைக்கும் அப்பறவையே பழி சுமக்கிறது.

காக்கையின் பக்கம் நின்று வழக்குரைக்கவே இக்கட்டுரை. அப்பறவைக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்பது நம் நோக்கமன்று; அதற்கு நம் இரக்கம் தேவைப்படுவதாகவும் தெரியவில்லை. நாம் சொல்ல வருவது இதுதான்: காக்கை நமக்கு உறவு. துணிவும் சூழ்ச்சித்திறனும் உடையதாய், மனிதர் வாழும் ஊரை விட்டு அகலாததாய், எவராலும் வரவேற்கப்படாமலே தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்வதாய் இருக்கும் இப்பறவையை உறவென்று சொல்ல நாணுகிற இலக்கிய மனம் தன்னைப் பற்றியே ஏதோ ஒன்றை மறைக்கிறது.

அண்மைக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றிலிருந்து தொடங்குவோம். 2023 சூலையில் சென்னையில் நடந்த 'ஜெயிலர்' திரைப்பட இசை வெளியீட்டு விழாவில் நடிகர் ரஜினிகாந்த் காக்கை-கழுகுக் கதை ஒன்றைச் சொன்னார். காக்கை மற்றப் பறவைகளைச் சீண்டிக்கொண்டே இருக்கும்; கழுகோ அதற்கு எதிர்வினை ஆற்றாமல் மேலே மேலே பறந்துவிடும்; காக்கையால் அவ்வுயரத்துக்குச் செல்ல இயலாது என்பது அதன் சாரம். உடனே நாடெங்கும் விவாதம் எழுந்தது. அந்தக் காக்கை யார், எந்த நடிகர் என்று இரு தரப்பு இரசிகர்களும் இணையத்தில் மாதக்கணக்கில் மோதிக்கொண்டனர். 2024 சனவரியில் 'லால் சலாம்' விழாவில் அவரே அது தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது என்று விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. இத்தனை ஆரவாரத்திலும் ஒருவர்கூட, 'காக்கை என்று சொன்னால் அதில் இழிவென்ன?' என்று கேட்கவில்லை. காக்கை இழிந்தது, கழுகு உயர்ந்தது என்பதில் இரு தரப்பும் ஒரே கட்சி. சண்டையெல்லாம் அந்த இழிவு யார் தலையில் இறங்குகிறது என்பதைப் பற்றித்தான்.

அக்கதை ரஜினிகாந்த் இட்டுக்கட்டியதன்று. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் நெடுங்காலமாய்ச் சொல்லிவருவது. பறவைகளை ஒரு நாளேனும் நின்று பார்த்தவர்கள் அக்கதையை வேறு விதமாய்ச் சொல்வார்கள். காக்கைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் பருவத்தில் பருந்தோ வல்லூறோ அம்மரத்தை அணுகினால், தன்னினும் பெரிய, கூருகிர் படைத்த அப்பறவையின் மேல் காக்கை பாய்கிறது. ஒன்று குரல் கொடுக்க நான்கு வந்து சேர்கின்றன. நாலும் துரத்தி, எல்லை தாண்டும் வரை விடாமல் சென்று திரும்புகின்றன. சீண்டல் என்று மேடையில் வருணிக்கப்படுவது தன் குஞ்சுகளைக் காக்கும் தாய்தந்தையரின் போர். கழுகு மேலே பறந்து செல்வதைப் பெருந்தன்மை என்கிறார்கள். கீழே நின்று பார்ப்பவர்க்கு அது பின்வாங்கலாகத்தான் தெரியும். புறநானூற்றைப் பாடமாக நடத்தும் மரபில் வந்தவர்கள் வலியோனை எதிர்த்து நிற்கும் எளியோனின் பக்கம் அல்லவா நிற்க வேண்டும்? நாமோ உயரத்தில் இருப்பவனே உயர்ந்தவன் என்னும் கணக்கைப் போட்டுக்கொண்டு கை தட்டுகிறோம்.

கழுகை விடுவோம்; அது திரைத்துறையின் பறவை. இலக்கிய அன்பர்களின் பறவைக்கு வருவோம். அது குயில். நம் கவியரங்குகளில் குயில் கூவாத நாளில்லை. நல்ல குரல் படைத்த பெண்ணைக் குயில் என்பது வழக்கம். குயில் பாட, கவிஞர் உருக, அவையினர் மகிழ்வர். ஆனால் 'கூ... கூ...' என்று நாம் கேட்டு மயங்கும் அக்குரல் ஆண்குயிலுடையது. உடலெங்கும் வெண்புள்ளிகள் தெளித்த பழுப்பு நிறப் பெண்குயில் எழுப்பும் ஓசை வேறு. 'கிக் கிக்' என்னும் அவ்வொலியை எந்தக் கவிஞரும் இசை என்று பாடக் காணோம். நாம் போற்றும் ஆண்குயிலோ காக்கையினும் குறையாத கருநிறம் உடையது. குயிலின் கறுப்பு அழகாகவும் காக்கையின் கறுப்பு அருவருப்பாகவும் எப்படிப் பிரிந்தன என்பதை யாரேனும் விளக்கினால் நன்று.

அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குயில் கூடு கட்டுவதில்லை. நம் நாட்டில் அது பெரும்பாலும் காக்கையின் கூட்டிலேயே முட்டையிடுகிறது. காக்கை அடைகாக்கிறது, பொரிந்த குஞ்சுக்கு ஓயாமல் இரை கொணர்ந்து ஊட்டுகிறது. வளர்ந்த குயில் மாமரத்தில் அமர்ந்து கூவும்போது நாம் அதற்கு இசைக்கலைஞர் பட்டம் அளிக்கிறோம். ஊட்டி வளர்த்த காக்கை மதில்மேல் கரைந்தால் கல்லெடுக்கிறோம். உழைப்பவர் ஒருவர், புகழ் பெறுபவர் மற்றொருவர் என்னும் உலகியல் நமக்குப் புதிதன்று. ஆயினும், உழைத்தவரின் குரல் இனிமையாய் இல்லை என்று குறை கூறும் துணிச்சல் இலக்கியவாணர்க்கே உரியது!

நம் மரபு தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. சங்கப் புலவர் ஒருவர்க்குக் காக்கையைப் பாடியதனாலேயே பெயர் அமைந்தது. காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்னும் அப்பெண்பாற் புலவரின் குறுந்தொகைப் பாடல் (210) பலரும் அறிந்ததே. பிரிந்து சென்ற தலைவன் மீண்டு வந்து, இத்தனை நாள் தலைவியை ஆற்றியிருக்கச் செய்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். தோழியோ அந்நன்றியைத் தான் ஏற்காமல், விருந்து வருமெனக் கரைந்து நம்பிக்கையூட்டிய காக்கைக்கே உரியது என்கிறாள். பெருஞ்சோற்றுப் பலியும் அதற்குக் கைம்மாறு ஆகாது என்பது அவள் கருத்து. அதே புலவர் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தை ஆடுகோட்பாட்டுச் சேரலாதன்மேல் பாடினார். அவன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் அளித்துத் தன் அவையில் இருத்தினான் என்று பதிகம் கூறும். காக்கையின் பெயரால் அழைக்கப்பட்ட பெண்ணை அரசவை மதித்தது. இன்று ஒரு கவிஞரைக் 'காக்கைபாடினி' என்று மேடையில் விளித்துப் பாருங்கள். பாராட்டாகக் கொள்வாரா, வழக்குத் தொடுப்பாரா?

வள்ளுவரும் அவ்வாறே. காலமறிதல் அதிகாரத்தில், பகலைத் தேர்ந்து தன்னினும் வலிய கூகையை வெல்லும் அறிவுக்குக் காக்கையைக் காட்டுகிறார். சுற்றந்தழால் அதிகாரத்திலோ, கிடைத்ததை ஒளிக்காமல் இனத்தை அழைத்துண்ணும் பண்புக்கு அதையே முன்வைக்கிறார். முதலாவது அரசர்க்கு உரைத்தது. இரண்டாவதன் தலைப்பைக் கவனிக்க வேண்டும்: சுற்றத்தைத் தழுவுதல். உறவைப் பேணுவது எப்படி என்று மனிதர்க்குக் கற்பிக்க வந்த இடத்தில் ஆசானாக நிற்பது காக்கை. மயிலும் குயிலும் கிளியும் அங்கே அழைக்கப்படவில்லை.

நிற்க. 'நாங்கள் காக்கையை மதிக்காமலா இருக்கிறோம்? அமாவாசைதோறும் சோறு வைத்த பிறகுதானே உண்கிறோம்?' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை நாள்களில் இலையில் சோறும் வடையும் வைத்து, வானத்தைப் பார்த்து 'கா, கா' என்று நெஞ்சுருக அழைக்கிறோம். முன்னோரே காக்கையாய் வருகிறார் என்கிறோம், வராவிட்டால் கலங்குகிறோம். கனுப்பொங்கலன்று பெண்கள் உடன்பிறந்தார் நலம் வேண்டி மஞ்சளிலையில் பிடிப்பிடியாய்ச் சோறு வைப்பதும் காக்கைக்கே. ஆனால் இந்த உறவு செத்தவரோடு மட்டுமே நாம் கொள்ளும் உறவு. இறந்த பாட்டனாரைக் காக்கை என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. உயிரோடு இருக்கும் பேரனை அப்படி ஒருவர் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். ஆண்டில் சில நாள் தெய்வம், ஏனைய நாள்களில் வசைச்சொல் என்பது மதிப்பாகுமா? சோற்றுருண்டையைக் கொடுத்து உறவைத் தள்ளி வைக்கும் சாமர்த்தியம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

இது வெறும் பறவைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாமைக்குக் காரணம் உண்டு. கல்லூரி வகுப்பறைகளில் இருபதாண்டுகளாய் நாம் கேட்டுவரும் பட்டப்பெயர்களுள் முதலிடம் 'காக்கா'வுக்கே. வெயிலில் களையெடுத்தும் ஆடு மேய்த்தும் தம் பங்குக்கு வீட்டைத் தாங்கிக்கொண்டே படிக்க வரும் பிள்ளைகள் மேல்தான் அப்பெயர் விழுகிறது. உடன் பயில்வோர் சொல்வது ஒருபுறம்; பாடம் நடத்துவோரே வேடிக்கையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதல் பருவத்தில் அப்பெயரைக் கேட்டுச் சிரித்துவைக்கும் மாணவி, மூன்றாம் பருவத்தில் கேள்வி கேட்கக் கையுயர்த்துவதில்லை. பெயர்தானே, அதிலென்ன என்போர் அக்கையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். 'நீ காக்கை அல்லள், குயில்' என்று அவளைத் தேற்றுவது மருந்தாகாது. அது அதே இழிவை உறுதிப்படுத்துவது. காக்கையின் பெருமையை அவளுக்கு முழுமையாகச் சொல்லித் தருவதே ஆசிரியரின் கடன்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இலங்கையிலும் தமிழ் பேசும் முசுலிம்கள் மூத்த உடன்பிறந்தானைக் 'காக்கா' என்று அழைப்பர். அது பறவையின் பெயரன்று, உறவுப்பெயர். எனினும் ஒரே ஒலி ஓரூரில் அண்ணனையும் அடுத்த ஊரில் அவமானத்தையும் குறிப்பதைக் காணும்போது, இழிவு அவ்வொலியில் இல்லை, சொல்பவர் மனத்தில்தான் இருக்கிறது என்பது தெளிவாகிறது.

இம்மனம் சட்டத்திலும் ஏறியது. மயில் 1963ஆம் ஆண்டு நாட்டின் தேசியப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் உயர்காப்புக்குரியதாய் வைத்தது. அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு காக்கையும் 'தீங்குயிர்' எனப் பட்டியலிடப்பட்டது. தீங்குயிரைக் கொல்ல எவரும் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் அவ்வட்டவணை நீக்கப்பட்டு, 2023 ஏப்பிரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஒரு பறவையினத்தின் மீதிருந்த கொலைக்கான பொது இசைவு நீங்கிய அந்நாளை நம் இலக்கிய இதழ்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. இதற்கிடையே எம் புதுக்கோட்டை மாவட்டத்து உழவர்களைக் கேட்டால், கடலைக்கொல்லையில் மயில் செய்யும் சேதத்தை அவர்கள் கதைகதையாய்ச் சொல்வார்கள். மயிலை வெறுக்க வேண்டுமென்பதில்லை. அழகுள்ளது செய்தால் பொறுப்பதும் அழகற்றது செய்தால் கொல்வதும் நீதியாகுமா என்பதே வினா.

'காக்கை சிட்டுக்குருவியின் குஞ்சைத் தின்கிறதே, குப்பையைக் கிளறுகிறதே, வெளிநாடுகளில் பெருகி அழிவு செய்கிறதே' என்பர். முதலிரண்டும் மெய். மூன்றாவதன் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழுக்கள் தாக்கின. அவற்றைத் தின்பதற்கென்று இலங்கையிலிருந்து காக்கைகளைத் தருவித்து விட்டனர் வெள்ளையர். அதே காலத்தில், அதே தோட்டங்களில் வேலை செய்யத் தமிழரையும் கப்பலேற்றினர். பறவையும் மனிதரும் ஒரே கணக்கேட்டின்படி, ஒரே தேவைக்காகக் கடல் கடந்தனர். இருவரும் அங்கே நிலைத்தனர். அதே பதிற்றாண்டில் சான்சிபாரில் குப்பை அகற்ற விடப்பட்ட காக்கைகளின் வழிவந்தவை கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் பரவின. 2024ஆம் ஆண்டு கென்ய அரசு பத்து இலட்சம் காக்கைகளைக் கொல்லும் திட்டத்தை அறிவித்தது. உள்நாட்டுப் பறவைகளைக் காக்க அந்நாட்டார் கவலைப்படுவது இயல்பே. ஆனால் வேலைக்கென அழைத்துவரப்பட்டு, வேலை முடிந்தபின் 'அந்நியர்' என்று பெயர் பெறும் கதையைத் தமிழர்க்கு வேறொருவர் விளக்கத் தேவையில்லை. மலையகத்திலும் மலேசியாவிலும் அதை வாழ்ந்து கடந்தவர்கள் நம்மவர்.

இனி அதன் அறிவு. நம் தொடக்கப்பள்ளிகளில் இரண்டு காக்கைக் கதைகள் வழங்குகின்றன. ஒன்று, பானையில் கூழாங்கற்களை இட்டு நீரை மேலேற்றிய காக்கை. மற்றொன்று, நரியின் புகழ்ச்சிக்கு மயங்கி வாய் திறந்து வடையைப் பறிகொடுத்த காக்கை. 2009ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த 'ரூக்' பறவைகளின் முன் நீர்க்குழாயையும் கற்களையும் வைத்தனர். அவை கற்களை இட்டு நீர்மட்டத்தை உயர்த்தி மிதந்த புழுவை எடுத்துத் தின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2006இல் வாசிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்து, அடையாள வளையமிட்டு விடுவித்தனர். அதன்பின் ஆண்டுக்கணக்கில், அம்முகமூடியை யார் அணிந்து சென்றாலும் காக்கைகள் சூழ்ந்து கரைந்து எதிர்த்தன; பிடிபடாத காக்கைகளும் அம்முகத்தைப் பகையென்று கற்றிருந்தன. பானைக் கதைக்கு ஆய்வகம் சான்றளித்துவிட்டது. வடைக் கதையைத்தான் நாம் பாட்டி காலத்திலிருந்து விரும்பிச் சொல்கிறோம். 'உன் குரல் இனிது' என்று யாரேனும் சொன்னால் நம்பாதே, உனக்குப் பாட்டு வராது என்பதுதானே அதன் உட்பொருள்? அதைக் கேட்டு முதலில் வாய் மூடுவது எந்தப் பிள்ளை என்பதை மேலே சொல்லிவிட்டோம்.

உறவு என்றோம், அவ்வுறவின் அடிப்படை யாது? வீட்டுக்காக்கை காட்டுப்பறவை அன்று. மனிதக் குடியிருப்பை விட்டுத் தொலைவில் அதைக் காண்பது அரிது. எம் பகுதியில் தைலமரக் காடுகள் மைல்கணக்கில் நிற்கின்றன. அங்கே காக்கையைத் தேட வேண்டாம். குன்றாண்டார்கோவிலுக்கு வருவோர் பல்லவர் காலக் குடைவரையைப் பார்க்கிறார்கள். முன்னுள்ள தேர் வடிவ மண்டபத்தையும் கல்லில் பாயும் குதிரைகளையும் படமெடுக்கிறார்கள். தேநீர்க் கடைக் கூரையில் ஒரு கண்ணைச் சாய்த்து, வடைத்தட்டுக்கும் கடைக்காரர் கைக்கும் உள்ள தொலைவை அளந்துகொண்டிருக்கும் பறவையை யாரும் பார்ப்பதில்லை. அதுவோ எல்லாரையும் பார்க்கிறது. யார் கல்லெறிபவர், யார் துண்டு போடுபவர், பேருந்து எப்போது வரும், கடை எப்போது ஒழியும் என்பதெல்லாம் அதற்குப் பாடம். சிறகு விரித்தாடத் தோகையில்லை, மயக்கப் பாட்டில்லை, கிழிக்க வல்லூகிர் இல்லை. இருப்பது கூர்மையான பார்வை, நினைவு, துணிவு, கூப்பிட்டால் வரும் இனம். பாரம்பரியச் சொத்தோ பரிந்துரைக்க ஆளோ இன்றி, படிப்பையும் சமயோசிதத்தையும் மட்டும் நம்பி ஊரில் இடம் பிடித்த நம்மில் பெரும்பாலோர்க்கு இதனினும் நெருங்கிய உறவுப்பறவை வேறெது?

இவ்வுறவை அறிந்து சொன்னவர்கள் இல்லாமலில்லை. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1921இல் பிறந்த ஆர்.கே.இலட்சுமண் சிறுவயது முதல் காக்கையின்மேல் தீராக் காதல் கொண்டு, வாழ்நாளெல்லாம் அதை வரைந்தார். எவராலும் கவனிக்கப்படாமல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும் 'பொது மனித'னைப் படைத்த கைதான் காக்கையையும் வரைந்தது என்பது தற்செயலாகாது. பாரதியோ காக்கையைத் தன் இனமென்றே பறைசாற்றினார். 'காக்காய் பார்லிமெண்ட்' என்று அவை கூடிப் பேசும் சபையையே உரைநடையில் எழுதினார். குயில் பாட்டு எழுதிய அவருக்குக் காக்கையை அணைத்துக்கொள்ளத் தடையேதும் இருக்கவில்லை. அவரை மேடைதோறும் முழங்கும் நமக்குத்தான் தடை.

உயிரியலார் இப்பறவைக்கு இட்டிருக்கும் பெயர் 'கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ்'. 1817இல் வியேயோ என்னும் பிரெஞ்சுக்காரர் சூட்டியது. இலத்தீனில் 'ஒளிரும் காக்கை' என்பது பொருள். காலை வெயிலில் அதன் கருஞ்சிறகில் ஓடும் நீலமும் ஊதாவும் அயல்நாட்டார் ஒருவர்க்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த அமாவாசைக்குச் சோறு வைக்கும்போது, உண்ண வரும் அவ்வுறவினரின் நிறத்தைச் சற்று நின்று பாருங்கள். பார்த்தபின் அப்பெயரைச் சொல்லி எந்தப் பிள்ளையையும் தலைகுனிய வைக்க உங்களுக்கு மனம் வருகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.